ஒரே பெயர், நான்கு முதலாளிகள்: ஹஸ்க்வர்னாவோடு நீண்ட கால அனுபவம்

2024 நவம்பர் 29 அன்று கேடிஎம் திவால் நடவடிக்கை கேட்டு நீதிமன்றத்துக்குப் போனதிலிருந்து, டர்ட் பைக் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. கடன் இருநூறு கோடி யூரோவுக்கு மேல். டிசம்பரில் ஆஸ்திரியாவின் மாட்டிக்ஹோஃபன் ஆலை நின்றது. 2025 மார்ச்சில் ஓடத் தொடங்கி, பாகங்கள் வந்து சேராததால் ஏப்ரல் கடைசியில் மறுபடி நின்று, ஜூலை கடைசியில்தான் திரும்ப ஓடியது. இதற்கு நடுவே பிப்ரவரியில், கடன் கொடுத்தவர்கள் 30 சதவீதத்தை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார்கள். அதற்கான பணத்துக்கு வழி செய்த பஜாஜ் ஆட்டோவின் கைக்கு அந்த ஆண்டு நவம்பரில் கட்டுப்பாடு வந்தது. கேடிஎம்மோடு அதே குழுமத்தின் ஹஸ்க்வர்னா, கேஸ்கேஸ் என்ற இரண்டு பைக் பெயர்களும் சேர்ந்தே போயின.

என்னிடம் இருப்பது ஹஸ்க்வர்னா எஃப்இ 350. அதற்கு முன்னால் ஓட்டியது இத்தாலியில் செய்த டிஇ 510. இந்த இரண்டு வண்டிகளின் காலத்துக்குள் அந்தப் பெயர் நான்கு முதலாளிகளைப் பார்த்துவிட்டது. டிஇ 510 வாங்கும்போது எம்வி அகுஸ்டா. 2007இல் பிஎம்டபிள்யூ. 2013இல் கேடிஎம்மின் அப்போதைய தலைவர் ஸ்டெஃபான் பியரருடைய நிறுவனம். இப்போது பஜாஜ். ஒவ்வொரு முறையும் “இத்தோடு ஹஸ்கி முடிஞ்சது” என்று சொன்னவர்களும் இருந்தார்கள், “இனிமேதான் நல்ல காலம்” என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வண்டியை வைத்திருக்கிறவனுக்கு இரண்டு பேச்சாலும் பயனில்லை. இந்தப் பிஸ்டன் கிடைக்குமா, இந்த சீல் கிடைக்குமா, அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்பதுதான் எனக்குக் கடைசி வரை முக்கியமாக இருந்த கேள்வி.

கை மாறுவது ஹஸ்க்வர்னாவுக்குப் பழகிப்போன விஷயம். ஸ்வீடனில் 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாக ஆரம்பித்து, 1903இல் மோட்டார் சைக்கிள் செய்ய வந்த நிறுவனம் அது. அறுபதுகளில் டோர்ஸ்டன் ஹால்மன் நான்கு முறை 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றது இந்தப் பெயரில்தான். 1987இல் அப்போதைய முதலாளி எலக்ட்ரோலக்ஸ் மோட்டார் சைக்கிள் பிரிவை மட்டும் இத்தாலியின் காஜிவாவுக்கு விற்றது. சில பொறியாளர்கள் இத்தாலிக்குப் போக மறுத்து, ஸ்வீடனிலேயே தங்கி ஹுசாபெர்க் என்று தனியாகத் தொடங்கினார்கள். 1995இல் ஹுசாபெர்க்கை கேடிஎம் வாங்கியது. 2013இல் ஹஸ்க்வர்னாவும் அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஹுசாபெர்க்கை அதற்குள்ளேயே கரைத்துவிட்டார்கள். கம்பெனி மாறினால் நானும் மாறுவேன் என்று 1987இல் கோபித்துக்கொண்டு ஹுசாபெர்க் பக்கம் போன ஒருவர், இருபத்தைந்து வருடம் சுற்றிப் பழைய பெயருக்கே திரும்பியிருப்பார். சிலிண்டரை முன்பக்கம் 70 டிகிரி சாய்த்து 2009இல் ஹுசாபெர்க் செய்த இன்ஜின் அந்த இணைப்புக்குச் சற்று முன்பே முடிந்துபோனது. அந்த வண்டியை நேசித்தவர்களின் வருத்தம் எனக்கு முழுதாகப் புரிகிறது. அதைப் போல வேறொன்றை யாரும் செய்யவில்லை.

சரி, டிஇ 510 பற்றி. முரட்டு வண்டி. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும், மலையேற்றத்தில் கியர் குறைக்க வேண்டிய அவசியமே வராது. கனமும் உண்டு, இறுக்கமான காட்டுப் பாதையில் அரை நாள் ஓட்டினால் கை தளர்ந்துவிடும். பிஎம்டபிள்யூ வந்தபோது எல்லாரையும் போல நானும் பெரிய முதலாளி, பெரிய பணம் என்று சந்தோஷப்பட்டேன். பணம் உண்மையிலேயே வந்தது. ஆனால் அது போன திசை வேறு. 2011க்கு வந்த டிஇ 449, டிஇ 511 இரண்டும் பிஎம்டபிள்யூவின் ஜி 450 எக்ஸ் இன்ஜினை அடிப்படையாகக் கொண்டவை. முன் ஸ்பிராக்கெட்டும் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) ஸ்விங்ஆர்மும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஒரே அச்சில் திரும்பும்படி அமைத்திருந்தார்கள். சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது செயினின் இறுக்கம் மாறாது என்பது அதன் அழகு. அதற்கு விலையாக, முன் ஸ்பிராக்கெட்டை மாற்றவே ஸ்விங்ஆர்ம் பின்னைக் கழற்றியாக வேண்டும். சேற்றில் ஓட்டுகிறவன் ஸ்பிராக்கெட்டை எத்தனை முறை மாற்றுவான் என்று யோசித்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்றே இன்னும் நினைக்கிறேன். ஹஸ்க்வர்னாவைத் தலைமுறையாக ஓட்டிய பலரும் அந்த வண்டிகளில் தங்கள் ஹஸ்க்வர்னாவைத் தேடினார்கள், கிடைக்கவில்லை.

2013இல் விற்பனை அறிவிப்பு வந்து, அதே ஆண்டு தயாரிப்பு மாட்டிக்ஹோஃபனுக்குப் போனது. வரேசே பக்கத்து இத்தாலிய ஆலையில் வேலை நின்றது. அப்போதுதான் டிஇ 510க்காக உண்மையில் கவலைப்பட்டேன். புதிய முதலாளிக்கு அந்த இன்ஜின் தேவையில்லை. அவர்களிடம் சொந்தமாக நல்ல இன்ஜின்கள் இருந்தன. உதவி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. சீனாவின் ஷின்ரே நிறுவனப் பணத்தில், முன்னாள் ஹஸ்க்வர்னா பொறியாளர் அம்பேலியோ மாக்கி எஸ்டபிள்யூஎம் என்ற பழைய இத்தாலியப் பெயரை 2014இல் மீட்டெடுத்தார். அதே பழைய ஆலை, அதே பழைய இன்ஜின் வடிவமைப்புகள். ஆர்எஸ் 500 ஆர் என்று அவர்கள் விற்ற வண்டியைத் திறந்தால், டிஇ 510 வைத்திருந்தவனுக்கு உள்ளே எல்லாமே தெரிந்த முகம். பெயர் ஆஸ்திரியாவுக்குப் போனது, இன்ஜின் இத்தாலியிலேயே தங்கியது. விசுவாசம் என்றால் இதில் எதற்கு? நான் பல மாதம் யோசித்தேன். டேங்க் மேல் ஒட்டிய பெயருக்கா, அடியில் ஓடும் இரும்புக்கா?

அதற்கு அப்புறம் வாங்கியதுதான் எஃப்இ 350, மாட்டிக்ஹோஃபனில் செய்தது. வாங்கிய புதிதில் கூட ஓட்டும் தம்பி ஒருவன் நேராகவே கேட்டான்: “அண்ணே, இது ஆரஞ்சுக்கு வெள்ளைச் சட்டை போட்டதுதானே?” ஆரஞ்சு நிறக் கேடிஎம்மைச் சொல்கிறான். பெரும்பாலும் ஆமாம். 349.7 சிசி இன்ஜின், ஆறு கியர், ஃபோர்க் எல்லாம் கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப்போடு பொது. ஆனால் பின்பக்கம் வேறு. கேடிஎம்மில் ஷாக் நேராக ஸ்விங்ஆர்மில் மாட்டியிருக்கும், பிடிஎஸ் என்பார்கள். ஹஸ்க்வர்னாவில் நடுவே லிங்கேஜ் என்ற நெம்புகோல் இணைப்பு உண்டு. சீட்டைத் தாங்கும் சப்ஃபிரேம் அலுமினியத்துக்குப் பதிலாகக் கார்பன் இழை கலந்த பாலிமைடு. அவனும் நானும் ஒரே பாதையில் வண்டியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறோம். வேர்களும் சின்னக் கற்களும் நிறைந்த வேகமான இடங்களில் லிங்கேஜ் பின் சக்கரத்தைத் தரையிலேயே பிடித்து வைக்கிறது; முதுகுக்கு வித்தியாசம் உடனே தெரியும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டும்போது கேடிஎம் ஜெயிக்கும், அடியில் தொங்கிக்கொண்டு மாட்ட எதுவும் இல்லை. லிங்கேஜ் பேரிங்குகளுக்குத் தொடர்ந்து கிரீஸ் வைக்க வேண்டும், ஆற்றில் இறக்கினால் அன்றைக்கே பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் விரும்பியே செய்கிறேன், பலன் தெரிகிறது.

நீண்ட கால அனுபவம் என்று கேட்டால் இந்த இன்ஜின் தங்கம். எண்ணெயையும் ஏர் ஃபில்டரையும் ஒழுங்காகப் பார்த்தால் வால்வ் இடைவெளி மெதுவாகத்தான் நகர்கிறது. கிளட்ச் தகடு, வாட்டர் பம்ப் சீல், சக்கர பேரிங் எல்லாம் இந்த வகை வண்டியில் தேயத்தான் செய்யும், தேய்ந்தன, மாற்றினேன்.

மாற்றும்போது கண்டுகொண்டதுதான் எனக்கு இந்த விஷயத்தில் பெரிய பாடம். இன்ஜின் பாகங்களில் பெரும்பாலானவற்றின் எண்ணும் கேடிஎம் பாகத்தின் எண்ணும் ஒன்றே. கேடிஎம்மின் ஆரஞ்சு, ஹஸ்க்வர்னாவின் வெள்ளை, கேஸ்கேஸின் சிவப்பு என்று மூன்று நிறத்திலும் ஒரே பிஸ்டன் ஓடுகிறது. தனித்தன்மை போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். சறுக்கி விழுந்து, கல்லில் மோதி ஓட்டுகிறவனுக்கு இது பெரிய காப்பு. வண்டிகள் எவ்வளவு அதிகம் ஓடுகின்றனவோ, அவ்வளவு வெளி நிறுவனங்கள் அதற்குப் பாகம் செய்யும். ஆலை நின்றிருந்த மாதங்களில் எனக்கு வேண்டிய ஃபில்டர், பிஸ்டன், கிளட்ச், பிளாஸ்டிக் எல்லாமே ட்வின் ஏர், வெர்டெக்ஸ், ரெக்லூஸ், அசெர்பிஸ் மாதிரியான இடங்களில் வழக்கம் போலக் கிடைத்துக்கொண்டிருந்தன.

வெளியே கிடைக்காதவைதான் கவலைக்குரியவை. இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், கிராங்க்கேஸ், கியர்கள். இவற்றை ஆலைதான் தர வேண்டும். இந்த வண்டிகளில் வரும் டபிள்யூபி சஸ்பென்ஷனும் கேடிஎம் குழுமத்துக்குள்ளேயே இருப்பதால், அதன் பாகங்களும் அதே தலைவிதியைப் பகிர்கின்றன. ஷெர்கோ, யமஹா ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, அவற்றில் வரும் கேஒய்பி ஃபோர்க்கைப் பல இடங்களில் சர்வீஸ் செய்யலாம். புதிய முதலாளியின் எண்ணத்தை அறிய வேண்டுமென்றால் பந்தய வீரர் ஒப்பந்தங்களையும் புதிய ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு, ஐந்தாறு வருடப் பழைய வண்டியின் வயரிங் செட் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேஸ்கேஸ் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. 1985இல் ஸ்பெயினின் ஹிரோனாவில் பிறந்த அந்த நிறுவனம் 2015இல் நொடித்து, டாரோட் என்ற நிறுவனம் வாங்கி, 2019இல் பியரர் குழுமத்தோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த, காட்டுப் பாதைக்கான எண்டூரோ கேஸ்கேஸ்கள் கேடிஎம்மை அடிப்படையாகக் கொண்டவை. கேஸ்கேஸின் சொந்த 300 சிசி டூ ஸ்ட்ரோக் வடிவமைப்பு ஸ்பெயினிலேயே ரியேஜு நிறுவனத்திடம் போய், 2020இலிருந்து எம்ஆர் 300 என்று விற்பனைக்கு வந்தது. பழைய கேஸ்கேஸ்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சிவப்பு நிறத்தையும் பெயரையும் விடாதவர்கள் ஒரு பக்கம், பெயரை விட்டு வண்டியைப் பின்தொடர்ந்து ரியேஜுவுக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கூட்டத்தை மதிக்கிறேன். தங்களுக்கு எது பிடித்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக முதல் கூட்டம் ஏமாந்தது என்று சொல்ல மாட்டேன். 2022இல் சாம் சண்டர்லாண்ட் கேஸ்கேஸில் டக்கார் வென்றபோது, அடியில் இருந்தது கேடிஎம் ரேலி வண்டி என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மகிழ்ச்சி அதனால் குறைந்துவிடவில்லை.

இந்த ஒன்றரை வருடத்தில் குழுமத்தை விட்டு பீட்டாவுக்கும் ஷெர்கோவுக்கும் போனவர்கள் உண்டு. நியாயமான முடிவுதான். பீட்டா 2009 வரை எண்டூரோ வண்டிகளுக்கு கேடிஎம்மிடம் இன்ஜின் வாங்கிய குடும்ப நிறுவனம். 2010இலிருந்து சொந்த இன்ஜின். அந்த ஒரு முடிவால்தான் இந்தப் புயல் அவர்களைத் தொடவில்லை. விற்காமல் தேங்கிய வண்டிகள் தள்ளுபடிக்கு வந்தபோது இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் போய்ப் புதிதாக வெள்ளையோ ஆரஞ்சோ வாங்கியது. பயம் ஒருவனை விற்க வைத்தது, அதே பயம் இன்னொருவனுக்கு மலிவாக வாங்கிக் கொடுத்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் மறுவிற்பனை மதிப்புக்கு அது நல்லதாக இருந்திருக்க முடியாது. தங்கியவர்களுக்கு ஆலை காட்ட வேண்டிய நன்றி இது இல்லை என்பது என் வருத்தம்.

பஜாஜ் பற்றி எனக்குப் பயம் குறைவு. 2007இல் 14.5 சதவீதப் பங்கோடு உள்ளே வந்து, கேடிஎம்மின் சிறிய ட்யூக் பைக்குகளைப் புனே அருகே சாக்கனில் செய்து, கேடிஎம்மைப் பெரிதாக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நியர் வந்து பூட்டை உடைத்த கதை இல்லை இது. “இனி எல்லாம் மலிவாகிவிடும்” என்று சொல்கிறவர்களில் பலர் 1992ஐ மறந்துவிட்டார்கள். இன்றைய கேடிஎம்மே ஒரு திவாலிலிருந்து, ஒரு புதிய முதலாளியின் கையில் எழுந்ததுதான். எனக்கு உறுத்துவது வேறு. ஒரே இன்ஜினுக்கு மூன்று நிறம் வைத்து விற்பது செலவைக் குறைக்க நினைக்கும் எந்தக் கணக்காளர் கண்ணிலும் முதலில் படும். நிறம் ஒன்று போனால் எனக்குக் கவலையில்லை. லிங்கேஜ் பின்பக்கம் அதோடு சேர்ந்து போனால் எனக்கு ஹஸ்க்வர்னா வாங்கக் காரணமே இருக்காது.

இப்போதைக்கு எஃப்இ 350ஐ விற்கவில்லை. ஒரு இசியு, ஒரு ஸ்டேட்டர், முழு கேஸ்கெட் செட், லிங்கேஜ் பேரிங் இரண்டு செட் வாங்கி வைத்திருக்கிறேன். இதே வண்டி வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் வாங்குங்கள், பிஸ்டனுக்கு அவசரம் வேண்டாம். அடுத்த தலைமுறை எஃப்இ வந்தால் முதலில் பின்பக்கம் குனிந்து பார்ப்பேன். அங்கே லிங்கேஜ் இருந்தால் ஓட்டிப் பார்க்கக் கேட்பேன், இல்லாவிட்டால் பீட்டா ஆர்ஆர் 350தான்.