பான்யோஸில் 'லாவா டூர்' விற்றால் வாங்காதீர்கள்

எக்வடோர் போகிறவர்கள் எப்படியும் பான்யோஸுக்கு ஒரு எட்டு போவீர்கள். வெந்நீர் ஊற்று, அருவி, பக்கத்திலேயே 5,023 மீட்டர் உயர துங்குராவா எரிமலை என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே ஒரு டூர் கடையில் எங்களுக்கு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

கடை வாசலில் சிவப்பாகக் குழம்பு வழியும் எரிமலைப் படம் ஒன்று ஆளுயரத்துக்கு இருந்தது. "இன்று இரவு லாவா பார்க்கலாம், வெந்நீர்க் குளத்துக்கு அனுமதிச் சீட்டும் சேர்த்து ஒருவருக்கு 25 டாலர்" என்றார் அங்கிருந்தவர். மனைவிக்கும் எனக்குமாக 50 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்.

இரவு, பக்கம் திறந்த வண்டியில் காது கிழியப் பாட்டு வைத்து, மலைமேல் பெரிய சிலுவை நிற்கும் பெல்லாவிஸ்டாவுக்குக் கூட்டிப்போனார்கள். கீழே ஊர் விளக்குகள் அழகாகத்தான் தெரிந்தன. எரிமலை இருக்க வேண்டிய பக்கம் ஒரே மேகம். ஒருவர் தீப்பந்தம் சுழற்றினார், ஆளுக்கு ஒரு சின்னக் குவளையில் பட்டை போட்ட சூடான கனெலாசோ கொடுத்தார்கள், அவ்வளவுதான். லாவா எங்கே என்று கேட்டால் ஓட்டுநர் சிரிக்கிறார்.

மேகம் இல்லாவிட்டாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. துங்குராவா கடைசியாகக் குமுறியது 2016-ல். 1999-ல் அது விழித்தபோது மொத்த ஊரையும் காலி செய்யவைத்தார்கள். 2000 ஜனவரியில் ராணுவத் தடையை மீறி ஜனங்கள் வீடு திரும்பினார்கள். அப்படிப்பட்ட ஊரில், மலை குமுறுகிறதா இல்லையா என்பது ஒரு டூர்க்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

மறுநாள் வெந்நீர்க் குளத்துக்குப் போனால், அந்தச் சீட்டு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கவுன்ட்டரில் திரும்பவும் காசு கட்டித்தான் உள்ளே போனோம். கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "மலை எங்கள் கையிலா இருக்கிறது?" என்று பதில் வந்தது. சரி, குளத்துச் சீட்டும் மலை கையிலா? அதற்கு மட்டும் பதிலே இல்லை. சீட்டை எடுத்துப் பார்த்தால் 'மலைமேல் சவாரி, ஒரு பானம்' என்று மட்டும் ஸ்பானிய மொழியில் எழுதியிருக்கிறது. சல்லிக்காசு திரும்பவில்லை.

போகிறவர்கள் குளத்துக் கட்டணத்தைக் குளத்தின் வாசலிலேயே கட்டுங்கள். தலைக்கு நீச்சல் தொப்பி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அதையும் கையோடு கொண்டுபோங்கள். மலை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கீட்டோவிலுள்ள தேசியப் பாலிடெக்னிக்கின் புவி இயற்பியல் நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே அறிக்கை போடுகிறது. இரவுச் சவாரிதான் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள், ஊர் விளக்குக்கும் கனெலாசோவுக்கும் என்ன தருவீர்களோ அதை மட்டும் பேசிக் கொடுங்கள். என்னென்ன சேர்த்தி என்பதைச் சீட்டில் எழுதி வாங்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.