தலைக்குக் குளிக்க எது: சீயக்காயா, ஷாம்பு பாரா, பாட்டிலா?

பாட்டில் ஷாம்புவில் பெரும்பங்கு தண்ணீர்தான், பொதுவாக முக்கால்வாசி. அந்தத் தண்ணீரில் கிருமி வளராமலிருக்க ஒரு மருந்து, அதைச் சுமக்கப் பிளாஸ்டிக், லாரிச் செலவு என எல்லாமே விலையில் சேர்கிறது. நம் வீட்டுக் குழாயில் வருவதற்கு ஏன் இவ்வளவு செலவு? அதனால்தான் தண்ணீரே இல்லாத, சோப்புக்கட்டி வடிவிலான ஷாம்பு பார் பக்கம் பலர் திரும்புகிறார்கள்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சீயக்காய்த் தூளும் தண்ணீரில்லாத ஷாம்புதான். அதிலுள்ள சப்போனின் நுரைத்து அழுக்கை எடுக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில், சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் அளவாகப் போகும், முடியும் வறளாது. அன்றைக்கு இதற்கு ஈடு எதுவுமில்லை என்பேன். (கொங்குப் பக்கத்தில் அரப்புக்கும் இதே மரியாதை உண்டு.) ஆனால் சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும், திப்பியை அலசவே நேரம் பிடிக்கும். அவசரமாகக் கிளம்பும் காலைக்குச் சரிவராது.

அந்தக் காலைக்கு பார் நல்லது. ஆனால் வாங்கும்முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கின்றன. ஒன்று, தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடா சேர்த்துச் செய்த சோப்பு. 'கையால் செய்தது' என்று அழகாக எழுதியிருந்தாலும் அது சோப்புதான். அதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம்) 9, 10 வரை போகும். தலைத்தோலின் பிஎச்சோ 5.5 அளவில்தான். போர்வெல் உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சோப்பு சேர்ந்து பிசுக்காக முடியில் ஒட்டிக்கொள்ளும். "பார் போட்டேன், முடி சிக்குப் பிடித்தது" என்பவர்கள் பலர் வாங்கியது இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்றில் சோடியம் கோக்கோயில் ஐசதயோனேட் போன்ற நுரைப்பொருள் இருக்கும். அது சோப்பு அல்ல. பிஎச்சைத் தலைக்கு ஏற்றபடி வைக்கலாம், உப்புத் தண்ணீரிலும் பிசுக்கு படியாது. இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், எத்தனை குளியலுக்கு வருகிறது என்று கணக்குப் போடுங்கள். ஆனால் ஈரத்தில் விட்டால் கரைந்தே போகும். ஓட்டை போட்ட டப்பா கட்டாயம் வேண்டும்.

அப்புறம் சாஷே, அதாவது சின்ன ஷாம்பு பாக்கெட். கடலூர் சின்னிகிருஷ்ணன் காட்டிய வழி அது. கையில் சில்லறை மட்டும் இருப்பவருக்கும் ஷாம்பு கிடைக்கச் செய்தது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பல அடுக்குப் பிளாஸ்டிக்காலான அந்த உறையைக் காயலான் கடைக்காரர்கூட எடுப்பதில்லை, சாக்கடையில்தான் அடைக்கிறது. சில்லறை விலையில் வெட்டிய பார் துண்டுகளைப் பெட்டிக்கடையில் விற்றால், முதல் ஆளாக வாங்குவேன்.