துருவை வெட்டாமல் பட்டியால் மூடும் பட்டறை வேலை: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

1998 மாடல் மாருதி 800. இரண்டு ரன்னிங் போர்டும் (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகரப் பெட்டி) பின்சக்கர வளைவுகளும் துரு. "வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங்" என்று பேசி, சென்னைப் பட்டறை ஒன்றில் 26,000 ரூபாய் வாங்கினார்கள். வண்டியை எடுக்கும்போது பளபளவென்றுதான் இருந்தது. மழை தொடங்கியதும் வலது ரன்னிங் போர்டில் மிளகு மிளகாகக் கொப்புளம். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் நேராக உள்ளே போகிறது. பெயர்த்துப் பார்த்ததில் விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை), அதன் பின்னால் கொசுவலைக் கம்பி, அதற்கும் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். பொரிந்துபோன பழைய தகரம் அப்படியே இருக்கிறது. வெல்டிங் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

கேட்டதற்கு "பழைய வண்டி, தகரம் வீக் சார்" என்றார்கள். பில்லில் இருந்தது "டிங்கரிங், பெயின்டிங்" என்ற இரண்டே சொற்கள். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இது அழகு சம்பந்தப்பட்ட வேலை இல்லை. மாருதி 800-க்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. அம்பாசடரும் அப்படித்தான். அதில் ரன்னிங் போர்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அது உளுத்தால் ஜாக்கி வைக்கும் இடம் நசுங்கும், கதவு சரியாக மூடாது, பக்கவாட்டில் இடித்தால் ஆளைக் காக்காது. பட்டியில் பெரும்பங்கு கல்மாவு மாதிரிப் பொடிதான். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போட்டால் வண்டியின் அதிர்வில் விரிசல் விடும். அந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கும்.

சரியான வேலை இப்படி இருக்கும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். சீட், கார்பெட் வெளியே வர வேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும். துரு தெரியும் இடத்தைத் தாண்டி ஓர் அங்குலம், துருவில்லாத வெள்ளைத் தகரம் தெரியும்வரை, கிரைண்டரால் வெட்ட வேண்டும். ஒட்டுக்கு 20 கேஜ் (சுமார் 0.9 மில்லிமீட்டர்) தகரம் போதும். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகரம் நெளியும். சிஓடூ வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் முறை) இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். தேய்த்ததும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். வெறும் தகரத்தை ஓர் இரவு விட்டாலே சென்னைக் காற்றில் சிவந்துவிடும். அப்புறம் இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலர், மேலே மெல்லிய பட்டி. பட்டியை இறுக வைக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் சுமார் 2 சதவீதம்தான். சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றினால் பெயின்டில் கறை எழும்பும்.

வெல்டிங் சூட்டில் உட்புறப் பூச்சு எரிந்திருக்கும். ரன்னிங் போர்டின் ஓட்டை வழியே உள்ளே மெழுகுப் பூச்சு அடிக்காவிட்டால், ஒட்டுப் போட்ட இடம்தான் முதலில் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பல பட்டறைகள் விட்டுவிடும் இடம் இதுதான்.

பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள். வெட்டியதும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஒன்று, வெல்டிங் முடிந்து பிரைமருக்கு முன் ஒன்று, கடைசியில் மீதி. வெட்டிய துருத் துண்டுகளைக் கையில் கேளுங்கள். எத்தனை ஒட்டு, எந்த இடத்தில், எந்தத் தகரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எடுக்கும்போது சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனான இடத்தில் ஒட்டாமல் விழும். ரன்னிங் போர்டு அடியிலும் கதவு அடியிலும் தண்ணீர் வடியும் ஓட்டைகள் பட்டியாலோ பெயின்டாலோ அடைபட்டிருந்தால், ஒரு கம்பியால் அங்கேயே குத்தித் திறக்கச் சொல்லுங்கள்.