மாட்ரிட்டிலிருந்து ஒரு நாள்: டொலேடோவா, செகோவியாவா?

மாட்ரிட் போனவர்களுக்கு ஒரு நாள் மிச்சமானால் இந்தக் கேள்வி வந்துவிடும். இரண்டுமே குன்றின் மேல் இருக்கும் பழைய ஊர்கள். அதிவேக ரயிலில் இரண்டுக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்காக ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். டொலேடோவுக்கு நகரின் தெற்கே அத்தோச்சாவில் ரயில் ஏற வேண்டும், செகோவியாவுக்கு வடக்கே சமார்த்தினில்.

டொலேடோவில் சரக்கு அதிகம். மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைந்தோட, நடுவில் கருங்கல் குன்று. விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் தலைநகராக இருந்து, முஸ்லிம் ஆட்சிக்குப் போய், 1085-இல் கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோவின் கைக்கு வந்த ஊர். 1561-இல் இரண்டாம் பிலிப் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றியதும் மவுசு குறைந்தது. சான்டா மரியா லா பிளாங்காவுக்குள் நுழைந்தால் வெள்ளைத் தூண்களும் குதிரைலாட வளைவுகளுமாக அச்சு அசல் பள்ளிவாசல். கட்டியதோ யூதர்களின் தொழுகைக்காக. பெயர் மட்டும் பின்னால் தேவாலயம் ஆனபோது வந்த மாதாவின் பெயர். இந்த ஒரு கூடத்துக்காகவே நான் டொலேடோவுக்கு ஓட்டுப் போடுவேன். 1577-இல் வந்து 1614-இல் சாகும்வரை இங்கேயே வாழ்ந்த எல் கிரெக்கோவின் ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’ ஓவியம் சாந்தோ தோமே தேவாலயத்தில் இருக்கிறது. பெரிய கதீட்ரலுக்கே இரண்டு மணி நேரம் போய்விடும்.

சிக்கல் தெருக்களில்தான். அடிவாரத்திலிருந்து மேலே போக நகரும் படிக்கட்டு உண்டு. ஆனால் மேலே போன பிறகும் ஏற்ற இறக்கம் ஓயாது. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போனாலும் வழி தவறும்.

செகோவியா அப்படிச் சுற்றலில் விடாது. ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் பேருந்து பிடிக்க வேண்டும். இறங்கியதும் எதிரே, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம். சாந்து வைக்காமல் அடுக்கிய கருங்கற்கள், சுமார் 28 மீட்டர் உயரத்துக்கு. அங்கிருந்து மேலேறினால் நடுவில் கதீட்ரல், கடைசியில் கப்பல் முனைபோல நீட்டிக்கொண்டிருக்கும் அல்கசார் கோட்டை. உள்ளே பார்ப்பதெல்லாம் பழசு என்று நம்பிவிட வேண்டாம். 1862-இல் தீப்பிடித்து, பிறகு சீரமைத்தது.

சாப்பாடு? செகோவியாவின் பெருமை பால்குடிப் பன்றிக்குட்டி வறுவல். தட்டின் விளிம்பாலேயே வெட்டிக் காட்டுவார்கள். சைவக்காரர்கள் அவரைக் குழம்பு கேட்டாலும், அதில் பன்றிக்கறி இருக்கிறதா என்று விசாரித்துவிடுவது நல்லது. டொலேடோவில் பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மார்சிப்பான் வாங்கலாம்.

வெயிலும் ஒரு கணக்கு. சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் செகோவியா கோடையில் தாங்கும், டொலேடோ வறுத்தெடுக்கும்.

சரி, என் முடிவு: காலையில் போய் மாலையில் திரும்புவதென்றால், அதுவும் பெற்றோரை அழைத்துப் போனால், செகோவியா. ஒரு இரவு தங்க முடிந்தால் யோசிக்காமல் டொலேடோ. பகல் கூட்டம் ரயிலேறிய பிறகு, ஆற்றுக்கு அக்கரையில் மிராதோர் டெல் வாயே மேட்டுக்குப் போய் நின்றால், விளக்கேற்றிய முழு ஊரும் எதிரே தெரியும்.