நாலாம் வகுப்புக் கணக்குக்கு எந்த டியூஷன்?

403-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லி மூன்றாவது, நாலாவது படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை 375 என்று எழுதும். இன்னொன்று 135 என்று எழுதும். வேறொன்று 325 என்று எழுதும். சரியான விடை 225. மூன்றுக்குமே சிவப்பு மையில் ஒரே மாதிரி பெருக்கல் குறிதான் விழும். ஆனால் மூன்றும் ஒரே தப்பு இல்லை.

375 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவில்லை. கடன் வாங்குவது எதற்கென்றே அதற்கு இன்னும் பிடிபடவில்லை. 135 எழுதியது கடன் வாங்கத் தெரிந்த பிள்ளை. நடுவில் பூஜ்யம் வந்ததும் தடுமாறி, ஒன்றுக்கும் நூறிடம் வாங்கி, பத்துக்கும் நூறிடம் வாங்கிவிட்டது. 325 எழுதிய பிள்ளைக்கு எல்லாம் தெரியும். கடைசியில் 4-ஐ 3 ஆக்க மட்டும் மறந்துவிட்டது. முதல் பிள்ளையோடு தீக்குச்சிக் கட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு நூறைப் பத்துப் பத்தாக உடைத்துக் காட்டினால் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். மூன்றாவது பிள்ளைக்கு 'திரும்ப ஒரு தடவை பாரும்மா' என்றாலே போதும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் தேடும் எவருக்கும் நான் சொல்வது இதைத்தான். இந்த மூன்று தப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறாரா, அப்படிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபீஸ், தூரம், ஏசி ரூம், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் அதற்கு அப்புறம் பேசலாம்.

கழித்தலை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், அங்கேதான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் எடுக்கப்படும் ஏசர் ஆய்வில், கடன் வாங்கிச் செய்யும் இரண்டு இலக்கக் கழித்தலைக் கொடுத்துப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் அதைச் செய்ய முடிந்தவர்கள் 2018-ல் 25.9 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் 11.2 சதவீதம். பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் அடி அது. அந்த ஓட்டையை அடைக்காமலே நாலாவது, ஐந்தாவது என்று மேலே போன பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

சரி, நம் ஊரில் கிடைப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தெரு டியூஷன்

பக்கத்துத் தெரு அக்கா வீட்டு ஹாலில், இல்லையென்றால் மொட்டை மாடியில் பாய் விரித்து, எல்கேஜி முதல் எட்டாவது வரை இருபது பிள்ளைகள். ஃபீஸ் குறைவு, நடந்தே போய்விடலாம், அம்மா வேலையிலிருந்து வரும்வரை பிள்ளை பத்திரமாக இருக்கும். இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கணக்கு என்று வந்தால் மட்டும் நிலைமை வேறு. ஒரு மணி நேரத்தை இருபது பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் ஹோம்வொர்க்கை முடிக்க வைக்கலாம், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். விடை தப்பென்றால் அக்கா சரியான விடையைச் சொல்லிவிடுவார், பிள்ளை அதை எழுதிக்கொள்ளும். நோட்டு சுத்தமாக இருக்கும், தப்பு உள்ளேயே இருக்கும். பிள்ளைக்குப் பாடம் ஓரளவு புரிகிறது, உட்கார்ந்து செய்யத்தான் மாட்டேன் என்கிறது என்றால் தெரு டியூஷனே போதும். அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம்.

சிறு குழு

நாலு முதல் ஆறு பேர், ஒரே பாடம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். ஐந்து பேர் என்றால் ஒரு மணி நேரத்தில் தலைக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒரு பிள்ளை கணக்குப் போடுவதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பக்கத்தில் இருந்து பார்க்க அது போதும். ரஃப் நோட்டில் பென்சில் எங்கே நிற்கிறது, விரல் எப்போது எண்ண ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று உண்டு. 6 எட்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் ஒரு பிள்ளை வாய்ப்பாட்டைச் சொல்லும். இன்னொரு பிள்ளை, '5 எட்டு 40, அதோடு 8, ஆக 48' என்று சொல்லும். அதைக் கேட்கும் மற்ற நாலு பேருக்கும் ஒரு கதவு திறக்கிறது. பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தால் 'சரி மிஸ்' என்று தலையாட்டும் பிள்ளை, தன் வயதுப் பையன் சொன்னால் 'அது எப்படி?' என்று கேட்கும். ஒற்றைக்கு ஒற்றை டியூஷனில் இந்த வாய்ப்பே கிடையாது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் சின்னதாக இருந்து பிரயோஜனம் இல்லை. ஐந்து பேரும் 'நாலாம் வகுப்பு' என்பதற்காக ஒன்றாக உட்கார்ந்திருந்தால், ஒருவனுக்கு இடமதிப்பே தெரியாது, ஒருத்தி நீள்வகுத்தல் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வகுப்பைப் பார்த்துச் சேர்ப்பதைவிட நிலையைப் பார்த்துச் சேர்ப்பதுதான் பலன் தரும். மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய பால்சகி திட்டம் இதற்கு நல்ல சான்று. பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே பிரித்து, உள்ளூர்ப் பெண் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படையை மட்டும் சொல்லிக் கொடுத்தார். ஒரு குழுவில் ஏறக்குறைய இருபது பேர். குழு பெரிதாக இருந்தும் மதிப்பெண் நன்றாகவே கூடியது. அதை ஆராய்ந்து 2007-ல் கட்டுரை வெளியிட்டவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் இருந்த அதே இருவர்தான். நம் அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் அரசுத் திட்டம் பல தனியார் டியூஷன்களைவிடத் தெளிவாக இருக்கிறது.

ஆகவே சிறு குழுவில் சேர்க்கப் போகும்போது, 'எத்தனை பேர்?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'சேர்ப்பதற்கு முன் என் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எப்படிப் பார்ப்பீர்கள்?' என்றும் கேளுங்கள். நல்ல மிஸ் என்றால் பத்து நிமிடம் பிள்ளையோடு தனியாகப் பேசுவார், நாலு கணக்குக் கொடுப்பார், விடையைவிட வழியைப் பார்ப்பார். பரிசோதனையே இல்லாமல் 'நாளைக்கே அனுப்புங்க' என்றால் யோசியுங்கள். ஜூனில் ஐந்து பேராக இருந்தது அக்டோபரில் பன்னிரண்டு பேர் ஆவதும் சகஜம். ஃபீஸ் அதேதான், கிடைக்கும் நேரம் மட்டும் ஐந்து நிமிடமாகக் குறைந்திருக்கும். அதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வரும் ஆசிரியர்

ஒற்றைக்கு ஒற்றைதான் உயர்ந்தது என்பது பொதுவான நம்பிக்கை. 1984-ல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் அப்படித்தான் சொன்னது. அவர் சொன்ன அளவு பெரிய பலன் பின்னால் வந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை, இருந்தாலும் பலன் உண்டு. இரண்டு மூன்று வகுப்புக்குப் பின்தங்கிய பிள்ளை, மற்றவர் முன்னால் வாயே திறக்காத பிள்ளை, எண்களைப் பார்த்தாலே கண் கலங்கும் பிள்ளை, இவர்களுக்கு ஆறு மாதமாவது தனி ஆசிரியர் வேண்டும். குழுவில் போட்டால் இன்னும் சுருங்கிப் போவார்கள். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் எண்களின் அளவே மனதில் நிற்கவில்லை என்றால் டிஸ்கால்குலியா, அதாவது எண்களைப் புரிந்துகொள்வதில் வரும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்று உரிய நிபுணரிடம் காட்டுவது டியூஷனைவிட முக்கியம்.

சாதாரணமாகப் படிக்கும் பிள்ளைக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத்திலேயே ஒருவர் இருப்பதால் பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் அவர் முகத்தைப் பார்க்கும். அவர் புருவம் லேசாக உயர்ந்தால் விடையை அழித்துவிடும். பரீட்சையில் அந்த முகம் இல்லாதபோது கை ஓடாது. செலவும் பல மடங்கு. கூடப்பிறந்தவர்களோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தால், அதே ஆசிரியரிடம் இருவராக உட்கார வைத்துவிடலாம்.

பள்ளி மிஸ்ஸிடமே டியூஷன் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 28-வது பிரிவு, பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், டியூஷனுக்கு வரும் பிள்ளை, வராத பிள்ளை என்று வகுப்புக்குள் ஒரு கோடு விழுவது எனக்குப் பொறுக்கவில்லை. வராத பிள்ளைக்கும் அது புரியும்.

அபாகஸும் குமானும்

இரண்டையும் கணக்கு டியூஷன் என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் அதிகம். அபாகஸ் மணிச்சட்டம் மனக்கணக்கின் வேகத்தைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. வதோதராவில் ஒரு பள்ளியில் 5 முதல் 7 வயதுள்ள 200-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மூன்று ஆண்டு கவனித்து 2016-ல் வெளியான ஆய்வு, கூட்டல் கழித்தல் போன்ற கணக்கீட்டுத் திறன் கூடியதாகச் சொன்னது. நினைவாற்றல் போன்ற அடிப்படை மூளைத் திறன்கள் அதனால் வளரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. 'மூளை வளர்ச்சி' என்று விளம்பரத்தில் வருவதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னம், அளவுகள், வாக்கியக் கணக்கு எதுவும் மணிச்சட்டத்தில் கிடையாது. மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் கூட்டினால் ஏழில் இரண்டு என்று எழுதும் பிள்ளை, அபாகஸில் எத்தனை லெவல் முடித்தாலும் அப்படித்தான் எழுதும்.

குமான் ஜப்பானில் 1954-ல் டோரு குமான் என்ற கணக்கு ஆசிரியர் தன் மகனுக்காகத் தயாரித்த தாள்களிலிருந்து வளர்ந்தது. பிள்ளை தன் நிலைக்குக் கொஞ்சம் கீழேயே தொடங்கி, தினமும் தாள் தாளாகத் தானே செய்து மேலே போகும். நிலை பார்த்துத் தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தினசரிப் பழக்கம் வருவதும் நிஜம். ஆனால் பேச்சு குறைவு. 'ஏன்' என்று கேட்கும் பிள்ளைக்கு அங்கே சீக்கிரம் அலுத்துவிடும். அடிப்படை புரிந்து, கை மட்டும் மெதுவாக ஓடும் பிள்ளைக்கு நல்லது.

ஆன்லைன்

பத்து வயதுக்குக் கீழே இதைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன். திரையில் ஆசிரியருக்குப் பிள்ளையின் முகம் தெரியும், நோட்டு தெரியாது. தொடக்கக் கணக்கில் பார்க்க வேண்டியது நோட்டைத்தான். பக்கத்தில் நல்ல ஆள் கிடைக்காத ஊரில், கேமராவை நோட்டின் மேல் திருப்பி வைத்து நடத்தும் ஆசிரியர் கிடைத்தால் சேர்க்கலாம்.

யாரும் கேட்காத ஒன்று: எந்த மொழியில்?

டியூஷன் தேடும்போது இதை நாம் மறந்தே போகிறோம். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை. வீட்டில் தமிழ். 'ரவியிடம் 45 கோலி, மணியிடம் 28 கோலி, ரவியிடம் எத்தனை கோலி அதிகம்?' என்று தமிழில் கேட்டால் உடனே 17 என்று சொல்லும். அதையே பாடப்புத்தக இங்கிலீஷில் கொடுத்தால், 'மோர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கூட்டி 73 என்று எழுதும். 'மோர் வந்தா ப்ளஸ், லெஃப்ட் வந்தா மைனஸ்' என்று யாரோ சொல்லிக் கொடுத்த குறுக்கு வழி அது. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது. வாக்கியம்தான் வரவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் 'கணக்கு வராத பிள்ளை' என்று எட்டு வயதில் முத்திரை குத்திவிடுகிறோம். பிள்ளை அதை நம்பியும் விடுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

இங்கேயும் சிறு குழு கை கொடுக்கும். கணக்கை இங்கிலீஷில் படித்து, தமிழில் 'என்ன கேட்கிறார்கள்?' என்று பிள்ளையையே சொல்ல வைத்து, படம் போட வைத்து, அப்புறம் எண்களைத் தொடும் மிஸ் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவருடைய இங்கிலீஷ் அவ்வளவு சரளமாக இல்லை என்றாலும் பரவாயில்லை. இங்கிலீஷிலேயேதான் பேச வேண்டும் என்று பெற்றோர் அவரை நெருக்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

என் தேர்வு

ஒன்றாவது, இரண்டாவது படிக்கும் பிள்ளைக்கு எந்த டியூஷனும் வேண்டாம். கடைக்குக் கூட்டிப்போய்ச் சில்லறை எண்ண விடுங்கள், பல்லாங்குழி, தாயம் ஆடுங்கள். பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து சோழி வைக்கும்போதே ஐந்தாம் வாய்ப்பாடு பாதி வந்துவிடும். மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கும் கழித்தல், நாலாம் வகுப்பில் வகுத்தல், ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு, இந்த மூன்று மேடுகளில் பிள்ளை நின்றுவிட்டால் சிறு குழுவைத் தேடுங்கள். நிலை பார்த்துச் சேர்க்கும் மிஸ், ஆறு பேருக்கு மேல் இல்லை என்ற உறுதி, வாரம் மூன்று நாள். இது மூன்றும் கிடைத்தால், வீட்டுக்கு வரும் ஆசிரியருக்குக் கொடுப்பதில் பாதிச் செலவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேலை முடியும்.

பணம் இடம் கொடுக்கவில்லை என்றால், உங்கள் பகுதியில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடக்கிறதா என்று பள்ளியில் விசாரியுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம், மாலையில் தன்னார்வலர்கள் நடத்துவது, ஃபீஸ் கிடையாது. எங்கே சேர்த்தாலும் முதல் மாத முடிவில் பிள்ளையின் ரஃப் நோட்டை வாங்கிப் பாருங்கள். தப்பான விடைக்குப் பக்கத்தில் சரியான விடை மட்டும் எழுதியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். தப்பு எந்த வரியில் நடந்ததோ அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால், அந்த மிஸ்ஸிடமே விடுங்கள்.