1947: நோட்ரே டேமா, மிச்சிகனா? என் ஓட்டு மிச்சிகனுக்குத்தான்

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரர் நோட்ரே டேம் யுனிவர்சிட்டில படிச்சவர், நான் குடியிருக்கிறது மிச்சிகன் யுனிவர்சிட்டி இருக்கிற ஆன் ஆர்பர், அதனால அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் (பந்தைக் கைல தூக்கிட்டு ஓடற ஆட்டம்) சீசன் ஆரம்பிச்சாலே ரெண்டு பேருக்கும் முட்டிக்கும். போன வாரம் பேச்சு எப்படியோ 1947க்குப் போயிடுச்சு, அந்த வருஷம் உண்மையான சாம்பியன் யாருன்னு (அப்போ ஃபைனல் மேட்ச்லாம் கிடையாது, பத்திரிகைக்காரங்க ஓட்டுதான்). தோத்தவன் ஒரு லஞ்ச் வாங்கித் தரணும். நான் மிச்சிகன்னு சொல்லிட்டேன், ஊர்ப்பாசம்னு நினைச்சா நினைச்சுக்கோங்க, ஆனா உக்காந்து ஸ்கோரெல்லாம் எடுத்துப் பார்த்த பிறகும் மாத்திக்கத் தோணல.

எல்லாருக்கும் தெரிஞ்சதை சீக்கிரம் சொல்லிடறேன். ரெண்டு டீமும் ஒரு மேட்ச் கூட தோக்கல. நோட்ரே டேம் 9க்கு 9, அடிச்சது 291 பாயிண்ட், விட்டது 52. மிச்சிகன் 10க்கு 10, அடிச்சது 394, விட்டது 53. அங்க கோச் ஃப்ராங்க் லேஹி, இங்க ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர். வருஷத்தோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபி நோட்ரே டேம் குவார்ட்டர்பேக் (அட்டாக்கை நடத்தறவர்) ஜானி லூஜாக்குக்கு, ரெண்டாவது இடம் நம்ம மிச்சிகன் பாப் சாப்பியூஸுக்கு. ரெண்டு பக்கமும் போருக்குப் போயிட்டு வந்த ஆளுங்க. லூஜாக் நேவில இருந்தவர், சாப்பியூஸ் போன விமானத்தை 1945ல இத்தாலி மேல சுட்டு வீழ்த்திட்டாங்க, பாராசூட்ல குதிச்சவரை அங்க உள்ள ஆளுங்க மாசக்கணக்கா ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தியிருக்காங்க. அப்படி ஒருத்தரை டிஃபென்ஸ்காரன் முறைச்சுப் பார்த்தா பயந்துடுவாரா என்ன?

ஆட்டம் பத்தி நான் ரொம்ப அடிச்சுப் பேச மாட்டேன், நான் பார்த்ததெல்லாம் கலங்கலான கறுப்பு வெள்ளைத் துண்டுப் படங்கதான். ஆனா அதுலயே மிச்சிகன் வித்தை தெரியும். பந்து நேரா பின்னாடி நிக்கிற ஃபுல்பேக் வைசன்பர்கர் கைக்கு வரும், அவர் எதிராளிக்கு முதுகைக் காட்டி ஒரு சுத்து சுத்துவார், சாப்பியூஸுக்கு கொடுத்தாரா, குடுக்கற மாதிரி காட்டிட்டு தானே வெச்சுக்கிட்டாரான்னு கேமராமேனுக்கே குழப்பம், கேமரா ஒரு பக்கம் போகும், பந்து இன்னொரு பக்கம் போகும். அந்த டீமுக்கு மேட் மஜீஷியன்ஸ் (கிறுக்கு மந்திரவாதிகள்)னு சும்மா பேர் வைக்கல. நோட்ரே டேம் ஆடினது டி ஃபார்மேஷன் (ஆளுங்களை ‘T’ எழுத்து மாதிரி நிறுத்தறது), நேர்த்தியான ஆட்டம்தான், லூஜாக் டிஃபென்ஸ்லயும் நின்னு ஆடுவார், அந்த விஷயத்துல அவருக்கு நான் தலைவணங்கறேன். மிச்சிகன்லயோ கிரைஸ்லர் அட்டாக்குக்கு ஒரு செட், டிஃபென்ஸுக்கு ஒரு செட்னு பிரிச்சு ஆட விட்டவர்.

சரி, என் கேஸ் நிக்கிறது ஒரே ஒரு விஷயத்துலதான். ரெண்டு டீமும் நேருக்கு நேர் மோதவே இல்ல, 1943க்கு அப்புறம் 1978 வரைக்கும் மோதல. அப்போ எதை வெச்சு அளக்கறது? ரெண்டு பேரும் ஆடின பொது எதிரிகளை வெச்சுத்தான். அப்படி மூணு டீம் இருக்கு. பிட்ஸ்பர்க்கை நோட்ரே டேம் 40-6னு அடிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு அதே பிட்ஸ்பர்க்கை மிச்சிகன் 69-0. நார்த்வெஸ்டர்ன் கிட்ட நோட்ரே டேம் மூச்சு வாங்கி 26-19, மிச்சிகன் 49-21. மூணாவது கலிஃபோர்னியாவோட யூஎஸ்சி, டிசம்பர்ல நோட்ரே டேம் 38-7, ஜனவரி 1, 1948 ரோஸ் பவுல்ல (சீசன் முடிஞ்சப்புறம் நடக்கற ஸ்பெஷல் மேட்ச், இந்த மாதிரி மேட்சைத்தான் பவுல்னு சொல்வாங்க) மிச்சிகன் 49-0. மூணையும் கூட்டிப் பாருங்க, நோட்ரே டேம் 104-32, மிச்சிகன் 167-21. மூணு டீம்ல ஒண்ணு கிட்ட கூட நோட்ரே டேம் ஜெயிச்ச வித்தியாசம் மிச்சிகனை விடப் பெருசா இல்ல, இதுக்கு மேல என்ன வேணும்? (1902ல நடந்த முதல் ரோஸ் பவுல்லயும் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை இதே 49-0ன்னுதான் அடிச்சாங்க, சும்மா ஒரு தகவல்.)

பக்கத்து சீட்டுக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நோட்ரே டேம் மோதும்போது யூஎஸ்சி அதுவரைக்கும் தோக்காத டீம், அங்க அடி வாங்கி நொந்துபோன பிறகுதான் மிச்சிகன் கைல மாட்டினாங்க. அது போக மிச்சிகன் மினசோட்டாவை 13-6, இல்லினாயை 14-7னு தடுமாறித்தான் ஜெயிச்சாங்க, அதை நான் மறைக்கல. ராணுவ அகாடமி டீமான ஆர்மியை 27-7ன்னு அடிச்சதும் நோட்ரே டேமுக்குப் பெரிய விஷயம், ஆனா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கொலம்பியா 21-20ன்னு ஆர்மியோட தோல்வியில்லாத ஓட்டத்தை நிறுத்திட்டாங்கல்ல.

அப்புறம் ஓட்டு விவகாரம். அப்போ ஏபி செய்தி நிறுவனம் பத்திரிகைக்காரங்க கிட்ட எடுக்கற கடைசி ஓட்டெடுப்பு பவுல் மேட்சுக்கு முன்னாடியே டிசம்பர்ல முடிஞ்சிடும், அதுல நோட்ரே டேம் முதலிடம். அவங்க அந்த காலத்துல பவுல் மேட்சுக்கே போக மாட்டாங்க. ரோஸ் பவுல் முடிஞ்சதும் ஏபி இன்னொரு தடவை ஓட்டு எடுத்தாங்க, மிச்சிகனுக்கு 226, நோட்ரே டேமுக்கு 119. ஆனா அதை அதிகாரபூர்வமா எடுத்துக்கல, டிசம்பர் ஓட்டுதான் கணக்குல நிக்குது. பரீட்சை முடியறதுக்கு முன்னாடியே ரேங்க் கார்டு கொடுத்த கதை.

சீட்டுக்காரர் இன்னும் டிசம்பர் ஓட்டைத்தான் காட்டறார், நான் ஜனவரி ஓட்டைக் காட்டறேன், லஞ்சுக்கு அவங்கவங்க டிபன் பாக்ஸைத்தான் திறந்துட்டிருக்கோம்.