ஐந்து ரூபாயா, எழுபத்தைந்து ரூபாயா?

தொண்டிப் பக்கம் முன்னாள் ராணுவ வீரர் ஒருவருக்கு நினைவு நாணயம் பரிசளிக்க இரண்டு வழிகள் உண்டு.

1965 இந்திய-பாகிஸ்தான் போரின் பொன்விழாவுக்கு 2015இல் வந்த 5 ரூபாய், உயிர்நீத்த வீரர்களுக்கான அமர் ஜவான் நினைவுச் சின்னம் பொறித்தது. புழக்கத்துக்கு வந்ததால் மீன் ஏலத்துச் சில்லறையிலும் கைமாறும், யார் கவனிக்கிறார்கள்!

2018இன் 75 ரூபாய் வேறு ரகம். 1943இல் போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றியதன் நினைவாக வெளியானது. நாணயத்தில், அங்குள்ள செல்லுலார் சிறை பின்னணியில் அவர் கொடிக்கு வணக்கம் செலுத்துகிறார். 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை. பாதி வெள்ளி, மீதியில் பெரும்பகுதி செம்பு. உப்புக்காற்று பட்டால் கறுத்துவிடும், உறையைப் பிரிக்கக் கூடாது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு இதுதான் பொருத்தம். 1965இல் களம் கண்டவருக்கோ, விலை குறைந்தாலும் அந்த 5 ரூபாயே சரி.